சிம்ஹா திறந்த கதவு

தொண்டாமுத்தூரில் சூரியன் ஒரே நாளில் இரண்டு முறை மறைகிறது. முதலில் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. நிழல் தென்னந்தோப்புகளின் மேல் விழுந்து, வாழைக்காட்டைத் தாண்டி, தார்ச்சாலையைக் கடந்து கிழக்கே போய்விடுகிறது. ஆனால் இருட்டுவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு நீல வெளிச்சம் வெகுநேரம் தங்கியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் மாடுகளும் பம்ப்செட் அறைகளும் மனிதர்களும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிவார்கள். அதற்கப்புறம்தான், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தையும் தாண்டி, யாரும் பார்க்காத ஒரு கடலில் சூரியன் மெய்யாகவே மூழ்கும்.

இந்த இரண்டில் எதை மறைவு என்று எடுத்துக்கொள்வது? யூதர்களுக்கு இது முக்கியமான கேள்வி. அவர்களுடைய நாள் மாலையில் பிறந்து மாலையில் முடிகிறது. 1993ஆம் ஆண்டில் பல ஞாயிற்றுக்கிழமைகளை, தோப்புக்கு நடுவே இருந்த ஓர் ஓட்டு வீட்டில் நான்கு பேர் இந்தக் கேள்விக்காகவே செலவழித்தார்கள். கோவை மில் ஒன்றில் நெசவு மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற பம்பாய் யூதர் ரோகேகர், கண்ணில் இருந்து மறைந்தால் மறைந்ததுதான் என்றார். அவர் மனைவி ஃப்ளோரா, பம்பாயில் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்ததை என்னவென்று சொல்வது என்று கேட்டார். இஸ்ரேலில் இருந்து வந்திருந்த இளம் பொறியாளர் ஓரேன் தாளில் பூமியை வரைந்து கோணம் போட்டுக் காட்டினான். நான்காவது ஆள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டுக்கும் நடுவால ஒரு நேரம் இருக்குதல்லங்க. அது ஆருதுங்க?"

பேச்சு அந்தக் கேள்விக்குத் தாவியது. பதில் சொல்லி முடிக்கக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் விதி. எல்லாரும் பேச வேண்டும், யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குரு கிடையாது. பீடம் கிடையாது. காணிக்கைத் தட்டு கிடையாது. ஜெபம் கொஞ்சம், பேச்சு நிறைய, கடைசியில் சாப்பாடு. பிரார்த்தனை மழையைக் கொண்டுவராது, நின்றுபோன மோட்டாரை ஓட்டாது. ஆனால் மனிதர்கள் ஒரு பாயில் உட்கார்ந்து கடவுளையே கேள்வி கேட்கும் பழக்கம் ஒரு மதத்துக்குள் உயிரோடு இருக்கிறதென்றால், அதை நின்று பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி கேட்ட அந்த நான்காவது ஆள் சிம்ஹா என்கிற பெண்மணி. கோவை கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டார்களுக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் கட்டுகிறவர். எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் அங்கே வரும். கரிந்த கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்கி, மூங்கில் குச்சியால் அழுத்த வேண்டும். கை அதன்பாட்டுக்குச் சுற்றும். உதடு எண்ணும். மனம் எங்கோ ஓர் ஆற்றங்கரையில் நிற்கும். சிம்ஹா அப்படித்தான் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார். எதிரே பேசினால் கொஞ்சம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பார், தூரத்தில் இருந்து நடந்து வருகிறவர்போல.

அந்த ஆறு பரவூர்ப் பக்கத்தில் இருக்கிறது. சிம்ஹா அங்கே பிறந்தவர். கேரளத்து யூதர்களின் தாய்மொழி மலையாளம், உடுப்பு முண்டு, சாப்பாடு மீன்கறி. வழிபாடு மட்டும் எபிரேயத்தில். அவருக்குப் பத்து வயதானபோது ஊரே பெட்டி கட்டியது. இஸ்ரேல் என்கிற புது நாடு அவர்களைக் கூப்பிட்டிருந்தது. போகிறவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். சிம்ஹாவின் அப்பாவுக்கு யானைக்கால். அவரை ஏற்றவில்லை. மாமன்மார், அத்தைமார், பக்கத்து வீட்டார், தொழுகைக்கூடத்தில் விளக்கேற்றுகிறவர் எல்லாரும் கப்பல் பிடிக்கப் போனபோது, அப்பாவும் அம்மாவும் சிம்ஹாவும் வேலை தேடிக் கோயமுத்தூருக்கு ரயிலேறினார்கள். ஒருத்தருடைய வீங்கிய கால் ஒரு குடும்பத்தின் தேசத்தை முடிவு செய்தது.

அம்மாவின் வம்சத்துக்கு இன்னொரு பழைய காயமும் இருந்தது. கொச்சியில் பணக்கார யூதர்கள் வீட்டில் அடிமைகளாக இருந்து, பிறகு விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். விடுதலைக்குப் பிறகும் தொழுகைக்கூடத்துக்குள் அவர்களுக்கு இடம் தரவில்லை. முன்கட்டில், தரையில், படிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பெஞ்சு வெள்ளை நிறத்துக்கு, படி கறுப்பு நிறத்துக்கு. அடிமைத்தனத்தில் இருந்து கடவுள் தங்களைக் காப்பாற்றியதாக வருஷந்தோறும் பாடுகிற கூட்டம், பாடிக்கொண்டே அடிமையின் பேத்தியைப் படியில் உட்கார வைத்திருந்தது. சாதி இந்தியாவுக்கு வந்த எவரையும் சும்மா விட்டதில்லை. சும்மா விடச்சொல்லி வந்தவர்களும் கேட்டதில்லை.

அந்தப் படியைச் சிம்ஹா நன்றாக அறிவார். சில்லென்ற கருங்கல். உள்ளே நிறைய கண்ணாடி விளக்குகள். பாட்டு மட்டும் படி தாண்டி வெளியே வரும், ஆள் படி தாண்டி உள்ளே போக முடியாது. அது தனக்கு நடந்ததா, அம்மா சொல்லிச் சொல்லி அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டதா என்று சிம்ஹாவுக்கே தெரியாது. சிம்ஹா பிறந்த காலத்தில் அந்த வழக்கம் தளர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கனவுக்குக் கால வரிசை கிடையாது. காயில் சுற்றும்போதெல்லாம் அவர் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

கோவையில் அவர்களை யாருக்கும் எந்தப் பெட்டியில் போடுவதென்று புரியவில்லை. அப்பா இறந்தபோது, பட்டறை முதலாளி அமீர் ஹம்சா தம் ஜமாத்தில் பேசி அடக்கத்துக்கு ஓர் ஓரத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். அம்மாவும் பின்னால் அங்கேயே போய்ச் சேர்ந்தார். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனது. பக்கத்தில் உட்கார்ந்து காயில் கட்டும் கீதா, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டிலும் பக்கத்து வீடு, ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க்கா, நீங்க எந்தச் சர்ச்சுங்க?"

"எந்தச் சர்ச்சும் இல்ல கண்ணு."

"அப்ப எந்தக் கோயிலு?"

"அதும் இல்ல."

"பள்ளிவாசலும் இல்ல. அப்ப நீங்க சாமி இல்லேங்கற கட்சிங்களா?"

"அவுங்களே தேவலைன்னு சில நாள் தோணும்," என்றார் சிம்ஹா.

1993 தொடக்கத்தில், கருகிய மோட்டார் ஒன்றை ஜீப்பில் போட்டுக்கொண்டு ஓரேன் பட்டறைக்கு வந்தான். தொண்டாமுத்தூரில் சொட்டுநீர்க் குழாய் போடும் வேலைக்கு வந்தவன். வெயிலில் காத்திருந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தான். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும்போது பாடுகிற பாட்டு. மெட்டு வேறு. ஆனால் அவன் முதல் அடியை முடித்தபோது, கம்பி சுற்றிக்கொண்டிருந்த சிம்ஹாவின் வாயில் இருந்து இரண்டாவது அடி வந்துவிட்டது. அவர் பாடியதை அவரே சற்றுத் தாமதமாகத்தான் கேட்டார். கை நின்றது. எண்ணிக்கை தப்பியது. அன்றைக்கு அந்தக் காயிலை அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

அப்படித்தான் அந்தக் கூட்டம் உருவானது. ரோகேகர் தம்பதியையும் விசாரித்துத் தேடிப் பிடித்தார்கள். தம்பிதுரை என்கிற தோட்டத்துச் சொந்தக்காரர் தம் தோப்பில் இருந்த பழைய சாளையை ஓரேனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சாளை என்றால் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு. முதலில் சனிக்கிழமைகளில் கூடினார்கள். அது அவர்களுடைய ஓய்வுநாள். சிம்ஹா பட்டறையில் பாதி நாள் வேலை பார்த்துவிட்டு, கையில் வார்னிஷ் வாசனையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ரோகேகர் மூக்கைச் சுளித்தார்.

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சுட்டு ஓய்வுநாள் கொண்டாட வரலாமாம்மா? சாஸ்திரம்னா சாஸ்திரம்."

"சாஸ்திரம் எனக்கு லீவு குடுக்கலீங்களே மாஸ்டர்," என்றார் சிம்ஹா.

இரண்டு வாரம் விவாதித்தார்கள். பிறகு கூட்டத்தையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். ஓய்வுநாளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுகிற யூதர்கள் வேறு எங்கே இருக்கிறார்களோ தெரியாது. தனக்காக ஒரு கூட்டம் நகர்ந்து உட்கார்ந்தது சிம்ஹாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று முதல், கம்பி சுற்றும்போது படி மட்டுமல்ல, ஒரு பாயும் கனவில் வந்தது. சாளையின் நடு அறையில் விரித்த கோரைப்பாய். சுவரில் மேற்கு ஜன்னல். அதில் மலை. ஜெபிக்கும்போது எருசலேமை நோக்கித் திரும்ப வேண்டும். அங்கே இருந்து பார்த்தால் எருசலேம் மலைக்குப் பின்னால், நீல வெளிச்சம் வருகிற பக்கத்தில் இருந்தது.

1995இல் பஸ்கா வந்தது. எகிப்தில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் விடுதலையாகிப் புறப்பட்டதை நினைத்துச் சாப்பிடுகிற இரவு. புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, பேரீச்சம்பழப் பாகு, ஊறவைத்த உலர்திராட்சைச் சாறு. தொடக்கத்தில் ரொட்டியைத் தூக்கிக் காட்டி, பசித்தவர்கள் வந்து சாப்பிடலாம் என்று அழைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே கூட்டத்தில் கேள்வி வந்தது. மற்றதெல்லாம் எபிரேயத்தில் இருக்க, இந்த அழைப்பு மட்டும் ஏன் அரமேயத்தில் இருக்கிறது?

"அது அந்தக் காலத்துத் தெருப் பாஷை. வெளியே போகிறவனுக்குப் புரிய வேண்டுமே," என்றான் ஓரேன். அவன் பேசுகிற ஆங்கிலத்தை ஃப்ளோரா சிம்ஹாவுக்குத் தமிழில் சொன்னார்.

சிம்ஹா யோசித்தார். "இந்தத் தெருவுல அந்தப் பாஷை ஆருக்குப் புரியுமுங்க? அப்படீன்னா இங்க அதத் தமிழ்லதான சொல்லோணும்?"

அறையே மகிழ்ந்துபோனது. ரோகேகர் தொடையில் தட்டினார். என்ன அழகான கேள்வி, என்ன சரியான முடிவு. அழைப்பைச் சிம்ஹாவே சொல்லட்டும், கதவைத் திறந்து வைத்தே சொல்லட்டும் என்று தீர்மானமாயிற்று. எந்த மொழியில் சொல்வது என்று நான்கு பேரும் சேர்ந்து யோசித்தார்கள். சொன்னால் யாராவது வருவார்களே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஓராயிரம் ஆண்டுக்கு மேலாகப் படித்துப் படித்து வழவழப்பாகிப்போன வாக்கியம் அது. அதைப் படித்தவர்கள் எல்லாரும் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் பஸ்கா மாலை ஏப்ரல் பதினாலாம் தேதி வந்தது. அன்றைக்கே தமிழ்ப் புத்தாண்டு. அன்றைக்கே கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளி. தொழிலாளர் காலனியில் அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கட்டிய மைக் செட் காலையில் இருந்து பாடிக்கொண்டிருந்தது. இதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை, நான்கு பஞ்சாங்கங்கள் எப்போதாவது ஒரே மூலையில் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த மாலையின் நீல வெளிச்சத்தில் நின்றவர்களுக்கு அது தற்செயலாகத் தெரிந்திருக்காது. கிழக்கே, கிட்டத்தட்ட முழு நிலா, இன்னும் ஒளி கூடாமல், காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல ஏறிக்கொண்டிருந்தது.

சிம்ஹா பாயைச் சுற்றி இலவம்பஞ்சுத் தலையணைகளைப் போட்டார். பஸ்கா விருந்தில் நிமிர்ந்து உட்காரக்கூடாது. நின்றுகொண்டு தின்பவன் அடிமை, சாய்ந்துகொண்டு உண்பவன் சுதந்திரமானவன். அதனால் சாய்ந்துதான் உண்ண வேண்டும். ஃப்ளோரா உறைகளை வெளுத்துக் கொண்டுவந்திருந்தார். கசப்புக்கு, ரோகேகர் எடுத்து வைத்திருந்த கீரையோடு, சிம்ஹா வாசல் வேம்பில் இருந்து கொஞ்சம் பூவும் பறித்துப் போட்டார். பிறகு ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஒத்திகையில் அவர் மெல்லத்தான் சொன்னார். அன்றைக்கு அந்த வெளிச்சம் குரலை வெளியே இழுத்தது.

"பசியா இருக்கறவங்க ஆரா இருந்தாலும் உள்ள வாங்க. வந்து எங்ககூடச் சாப்புடுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஓரேன் சாற்றை ஊற்றினான். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏனுங்க. கூப்புட்டீங்களாங்க?"

மூன்று பேர் நின்றார்கள். முன்னால் மாரப்பன். சிறு வயதில் இருந்தே தம்பிதுரையின் தோட்டத்தில் வேலை செய்பவர். மலையில் இருந்து யானை இறங்கும் காலமாதலால் மாலையானால் தோப்பு ஓரத்தில் நெருப்புப் போட்டுக் காவல் இருப்பார். பக்கத்தில் அவர் மனைவி செவ்வந்தி. பின்னால் அவள் அண்ணன் பிரான்சிஸ், லாரியில் தேங்காய் ஏற்றுகிறவர். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அழைப்பு தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவர்கள் வந்து படிக்குக் கீழே நின்றார்கள். படியில் கால் வைக்கவில்லை.

ரோகேகர் சிம்ஹாவின் பக்கம் குனிந்தார். கெட்டவர் அல்ல, கோவையில் முப்பது வருஷம் வாழ்ந்து ஊரின் சட்டத்தை நன்றாகக் கற்றவர்.

"அம்மா, இவங்க இங்கே உள்ளே வந்ததில்லை. தம்பிதுரைக்குத் தெரிஞ்சா வீடு போயிடும். கூட்டமே போயிடும். எலையில வெச்சு வாசல்ல குடுத்துடலாம். அதுவும் தர்மந்தானே?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இந்த வீடு போனால் வேறு வீடு கிடைக்காது. சிம்ஹாவுக்கு மறுபடியும் படிதான். அவர் ஓரேனைப் பார்த்தார். அவன் சிம்ஹாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் நீல வெளிச்சம். அதில் மூன்று பேர், தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல. படிக்குக் கீழே. சிம்ஹாவுக்கு ஒரு கணம் யார் உள்ளே, யார் வெளியே என்று குழம்பியது. கருங்கல்லின் குளிர்ச்சி காலில் ஏறியது. பாட்டு மட்டும் வெளியே வருகிற அந்தக் கதவு, அம்மாவின் மடி, யாரும் திரும்பிப் பார்க்காத முதுகுகள். இத்தனை வருஷம் கனவில் அந்தக் கதவை வெளியில் இருந்தே பார்த்தவர், முதல் முறையாக உள்ளே இருந்து பார்த்தார்.

"கூப்புட்டது நாந்தானுங்க," என்றார். "வாங்க. உள்ள வாங்க."

மாரப்பன் உள்ளே வந்து சுவரோரமாக நின்றுகொண்டார். "நாங்க நின்னுக்கறமுங்க. குடுங்க, இப்படியே சாப்புட்டுக்கறமுங்க."

"இன்னைக்கு நின்னு சாப்புடக்கூடாதுங்கண்ணா. சாஞ்சு ஒக்காரோணும். அதானுங்க சட்டமே."

"சாஞ்சுங்களா?"

"சாஞ்சு. தலகாணில."

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்த மனுசன் எங்கூட்லயே சாஞ்சு ஒக்காந்து நாம் பாத்ததில்லீங்க. சாஞ்சாருன்னா தூங்கிப்போடுவாரு."

பிரான்சிஸுக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நேராகப் போய்ச் சாய்ந்தார். "இன்னைக்குப் பெரிய வெள்ளிங்க. விடிஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. பசியா இருக்கறவங்கன்னு நீங்க சொன்னது என் பேரச் சொன்னாப்பலயே இருந்துச்சு. நீங்க எந்தச் சபைங்க?"

"நாங்க யூதருங்க," என்றார் சிம்ஹா.

பிரான்சிஸ் தலையணையில் இருந்து எழுந்து உட்கார்ந்தார். "வெளையாட்டுங்களா? அவுங்க வேதத்துக்குள்ள மட்டுந்தான இருக்கறாங்க." பிறகு சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குப் பூராம் கோயல்ல, ஆண்டவரச் சிலுவைல அடிச்சவங்கன்னு உங்களத்தானுங்க வஞ்சுட்டிருந்தோம்."

முதலில் சிரித்தவர் ரோகேகர்தான். "ரெண்டாயிரம் வருஷமா வையறீங்க. இன்னைக்குச் சாப்பிட்டுட்டு வையுங்க."

அதற்கப்புறம் அறை இளகியது. எகிப்துக் கதையைச் சிம்ஹா தமிழில் சொன்னார். அரசன், செங்கல் சூளை, சவுக்கு, ஓடியது. மாரப்பன் தலையணையின் ஓரத்தில் முழங்கையை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டார். சூளை என்றதும் அவர் முகம் மாறியது, அந்தப் பக்கத்துச் சூளைகளில் கடனுக்குக் கிடக்கிறவர்களை அவர் அறிவார். கதை முடிந்ததும் கேட்டார்:

"சரிங்க. உட்டுப்போட்டான். அதுக்கப்பறம் அவுங்களுக்கு நெலம் கெடச்சுதுங்களா?"

ஃப்ளோரா அதை ஓரேனுக்குச் சொன்னார். அவன் ரொட்டியை உடைத்து உடைத்துத் துகளாக்கினான். "கிடைத்தது," என்றான் கடைசியில். "ஆனால் அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்."

"அப்ப அவுங்க எங்க போனாங்க?" என்று செவ்வந்தி கேட்டாள்.

பதில் சொல்லி முடிக்கக்கூடாது என்ற விதி அன்றைக்கு யாருக்கும் ஆறுதலாக இல்லை.

அப்போதுதான் தம்பிதுரை வாசலில் வந்து நின்றார். புத்தாண்டுக்குச் சித்திரைக்கனித் தட்டு கொண்டுவந்திருந்தார். மாம்பழம், பலாச்சுளை, எலுமிச்சை, கொஞ்சம் வெற்றிலை. அறையைப் பார்த்தார். சாய்ந்திருந்தவர்களைப் பார்த்தார். மாரப்பன் துள்ளி எழுந்தார், தலையணை உருண்டது. தம்பிதுரை கோபப்படவில்லை. கொங்குநாட்டில் மரியாதைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

"அம்மணி, நீங்க சாப்புடுங்க. நல்ல நாளும் அதுமா வந்து தொந்தரவு பண்ணிப்போட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க." தட்டை வாசற்படியில் வைத்தார். பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னார்: "மாரா, ஆனைக்கு நெருப்புப் போட்டாச்சாடா?"

ஒரே வாயில் அத்தனை 'ங்க'வும் ஒரு 'டா'வும். ஊர் முழுக்கப் பரிமாறப்படும் மரியாதை யாருடைய இலைக்கு வராமல் நிற்கிறது என்பது அந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும். மாரப்பன் துண்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

சிம்ஹா எழுந்து வாசலுக்கு வந்தார். "ஏனுங்க, ஆரா இருந்தாலும்னுதான் நாங் கூப்புட்டது. நீங்களும் ஆருந்தான? வாங்க, ஒக்காருங்க."

தம்பிதுரை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த அழைப்பில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. "எனக்குப் பசியில்லீங்க அம்மணி," என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு அந்த அழைப்பை மறுத்தவர் அவர் ஒருவர்தான்.

சிம்ஹா பாய்க்குத் திரும்பினார். உருண்டு கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி, மாரப்பன் இருந்த இடத்தில் வைத்தார். "அவரு வாரவரைக்கும் சாப்பாட்ட ஆரும் தொடாதீங்க," என்றார்.

"வர மாட்டாருங்க," என்றாள் செவ்வந்தி.

காத்திருந்தார்கள். ஜன்னலில் மலை கறுத்துக்கொண்டே வந்தது. தோப்பின் ஓரத்தில் ஒரு தீ எழுந்தது, முதலில் விளக்குபோல, பிறகு மரம்போல. நிலா வேலைக்கு வந்துவிட்டது. தென்னை ஓலைகள் ஒவ்வொன்றாக வெள்ளையாயின. பிரான்சிஸின் வயிறு கூவியது, யாரும் சிரிக்கவில்லை. நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அந்த இடைவெளியில், சிம்ஹாவின் விரல்கள் தாமாகவே காற்றில் கம்பி சுற்றின.

புகை வாசனை முதலில் வந்தது. மாரப்பன் படிக்குக் கீழே நின்றார். பின்னால் திரும்பி இருட்டைப் பார்த்தார். பிறகு படியில் கால் வைத்து, ஏறி, உள்ளே வந்து, தலையணையில் முழு உடம்பையும் சாய்த்தார். இந்தத் தடவை முழங்கை மட்டுமல்ல.

"போடுங்க," என்றார்.

விலை உடனே வந்தது. அந்த வாரத்திலேயே தம்பிதுரை ஓரேனைப் பார்த்து, ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, வீட்டைக் காலி செய்து கொடுத்தால் நல்லதுங்க என்றார். மாரப்பனுக்கு அந்த அளவு காரணம்கூடச் சொல்லப்படவில்லை. இனி வரவேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். வீடு போனவர்களுக்கு வேறு ஊர், வேறு வேலை, திரும்பிப் போக விமானம் இருந்தது. வேலை போனவருக்கு என்ன இருந்தது? நீதி பேசுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. சிம்ஹா கேட்டுக்கொண்டார். அதனால்தான் அடுத்த ஞாயிறு காலனிக்குப் போய் மாரப்பன் முன்னால் நின்றார்.

"நாங் கூப்புட்டதுனாலதானுங்களே," என்று ஆரம்பித்தார்.

மாரப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "நீங்க கூப்புட்டதுக்கு ஒருதாட்டிதாங்க வந்தேன். ரெண்டாந்தாட்டி ஆருங் கூப்புடல. நெருப்புப் போடறப்பவே தெரியும், திரும்பி வந்தா வேலை இல்லீன்னு. தெரிஞ்சுதான் வந்தேன். அத எங்கிட்ட இருந்து நீங்க எடுத்துக்காதீங்கம்மா."

சிம்ஹா பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல் அவரோடு வந்தது. அதற்குப் பிறகு கம்பி சுற்றும்போது கருங்கல் படி வரவில்லை. ஒரு மனிதர் இருட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கால் எடுத்து வைப்பதுதான் வந்தது.

மாரப்பன் குடும்பம் காங்கேயத்துக்குப் போனது. எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை காயவைக்கும் களத்தில் வேலை. பிரான்சிஸ்தான் சேர்த்துவிட்டார். ஓரேன் சிங்காநல்லூரில் ஓர் அறை எடுத்தான், ஞாயிறுகளில் சிம்ஹாவின் லைன் வீட்டுக்கு வந்தான். ரோகேகர் பல மாதம் வரவே இல்லை. ஒரு வாக்கியத்துக்காக ஒரு வீட்டைத் தொலைத்தோம் என்று ஃப்ளோராவிடம் பொருமினாராம். ஃப்ளோரா மட்டும் வந்து, அவர் திட்டியதை எல்லாம் கூட்டத்தின் கேள்வியாக முன்வைப்பார். எல்லாரும் அதையும் விவாதிப்பார்கள்.

1996 ஏப்ரலில் மறுபடியும் பஸ்கா. கணபதியில் சூரியன் ஒரே முறைதான் மறைகிறது, பட்டறைகளின் தகரக் கூரைகளுக்குப் பின்னால், சட்டென்று. சிம்ஹாவின் வீடு ஒற்றை அறை. பாய் விரித்தால் கதவு முழுதாகத் திறக்காது. வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின் ஸீட்டில் ஆள் உயரத்துக்கு இலவம்பஞ்சுத் தலையணைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ரோகேகர் வந்து இறங்கினார். பின்னால் என்ன வருகிறது என்று வழியெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"சாஞ்சு உக்காரணும்னா எத்தனை தலையணை வேணும்னு யாராவது யோசிச்சீங்களா?" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"காங்கேயம் பஸ்ஸு இன்னும் வரலீங்க மாஸ்டர். ஒக்காருங்க, அவுங்க வரட்டும்," என்றார் சிம்ஹா.

தெருக்கோடியில் செவ்வந்தியின் சிரிப்பு முதலில் கேட்டது. பிறகு மாரப்பன் தோளில் ஒரு பையோடு வந்தார், அதில் கொப்பரையின் இனிப்பு வாசனை. எல்லாரும் எப்படியோ அந்த அறைக்குள் அடங்கினார்கள். சிம்ஹா ரொட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்க எழுந்தார். கதவு திறந்தேதான் இருந்தது. லைன் வீட்டில் அதை மூடி வைத்து யாருக்கும் பழக்கமில்லை. வாசலில் நின்று, கீழே குழாயடியில் இருந்த பெண்களையும், துணி மடித்துக்கொண்டிருந்தவர்களையும், அடுத்த வீட்டுக் கீதாவையும் பார்த்துச் சொன்னார். சென்ற வருஷம் சொன்ன அதே வார்த்தைகள். யாருக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னார்.

கீதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, ஆரா இருந்தாலும்னு சொன்னீங்களே, நெசமாவா?"

"நெசமாத்தான் கண்ணு. தலகாணி மட்டும் உங்கூட்ல இருந்து எடுத்துட்டு வா."